வியாழன் இரண்டு மணிக்குப் பிறகு

லாஸ் ஏஞ்சலஸ்
14 செப்டம்பர் 1976

ஆரினுக்கு,

நீயும் அம்மாவும் உடல்நலத்தோடு இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் மாற்றம் இல்லை. கீழே எழுதப்போவது வேறு விஷயம் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் சபை உன்னை எதிரி என்று அறிவித்துவிட்டது. பெரிய கூடத்துப் பலகையில், மஞ்சள் தாளில், உன் பெயர் ஒட்டியிருக்கிறது. சாப்பிடப் போகும்போதும் வரும்போதும் அதைக் கடந்துதான் போகிறேன். எதிரியோடு சபையில் இருப்பவர்கள் பேசக் கூடாது, எழுதக் கூடாது. நீயும் மூன்று வருடம் சபையில் இருந்தவன், விதி உனக்குத் தெரியும். விசாரணை அறையில் உன்னிடம் என்ன கேட்டார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. கர்வம் பிடித்தவன், சொன்னதைச் செய்ய மறுத்தான் என்று மட்டும் சொன்னார்கள்.

மினியாபொலிஸ் கிளையில் உன்னைச் சேர்த்துவிட்டதே உன் அக்காவாகிய நான்தான். அப்போது உனக்குப் பத்தொன்பது வயது. திக்கலுக்குப் பயந்து, கடையில் பால் வாங்கக்கூடச் சீட்டில் எழுதிக் கொடுப்பாய். இரண்டே மாதத்தில் உன்னைப் பேச வைத்தார்கள். அந்த நன்றிக்காகவாவது நீ தலைவணங்கியிருக்கலாம்.

இந்தக் கடிதத்தோடு உனக்கும் எனக்கும் உள்ள தொடர்பை முறித்துக்கொள்கிறேன். அம்மா உன் கூடவே இருப்பதால் அந்த வீட்டுக்கே இனி எழுத முடியாது. பதில் போடாதே. போட்டால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

குளிர் வருகிறது, மார்பில் கம்பளி கட்டிக்கொள்.

மார்லிஸ் ப்ரூயிட்


லாஸ் ஏஞ்சலஸ்
6 அக்டோபர் 1983, வியாழன்

மதிப்பிற்குரிய திரு. ஆரின் ஹாகன் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் தாயாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

எங்கள் மினியாபொலிஸ் கிளை மூடப்பட்டுவிட்டது. அங்கே படித்த பழைய மாணவர்களின் அட்டைகள் பதினோரு பெட்டிகளில் இங்கே வந்து சேர்ந்தன. ஏழாவது பெட்டியில் தங்கள் அட்டை இருந்தது. 1973ல் முதல் பாடத்தில் சேர்ந்தபோது தாங்களே பேனாவால் நிரப்பியது.

பெட்டியில் அட்டை இருக்கும் ஒவ்வொருவருக்கும் எழுத வேண்டியது கடிதப் பிரிவின் கடமை. எழுதக் கூடாதவர்களின் அட்டைகளை வேறொரு பிரிவு முன்பே எடுத்துவிடும். தங்கள் அட்டையை யாரும் எடுக்கவில்லை. ஆகவே விதிப்படி நான் எழுதுகிறேன். தாங்கள் பதில் எழுதினால், அதற்குப் பதில் எழுதுவதும் விதி.

இங்கே ஒரு வாரத்தில் எத்தனை கடிதம் போனது, எத்தனை வந்தது என்று வியாழன் பகல் இரண்டு மணிக்கு எண்ணுவார்கள். நாங்கள் எழுதும் ஒவ்வொன்றுக்கும் கார்பன் நகல் உண்டு. வருவதையும் போவதையும் மேற்பார்வையாளர் திருமதி வெர்னா ஃபென்விக் வாசிப்பார். இதை ஒரு தகவலாகத்தான் சொல்கிறேன்.

அட்டையில், 'எதைச் சரிசெய்துகொள்ள விரும்புகிறீர்கள்?' என்ற கேள்விக்குக் கீழே தாங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். அது நிறைவேறியதா என்று அறிய ஆவல்.

இப்படிக்கு,
மார்லிஸ் ப்ரூயிட்
கடிதப் பிரிவு


டுலூத், மினசோட்டா
24 அக்டோபர் 1983

கடிதப் பிரிவு அம்மையாருக்கு,

நலம். தாங்களும் நலமாக இருக்க வேண்டும். உண்மையாகவே கேட்கிறேன், நலம்தானே?

தங்கள் உறையை மூன்று நாள் பிரிக்காமல் அடுப்புக்கு மேல் அலமாரியில் வைத்திருந்தேன். என் தாயாருக்கு அது பொறுக்கவில்லை. "பில்லா இருந்தா கட்டணும், சாவுச் சேதியா இருந்தா போகணும். உள்ள என்னன்னு தெரியாம எப்படிடா மூணு நாள் சோறு எறங்குது உனக்கு?" என்றாள். பிரித்தேன். அவளும் வாசித்தாள். வாசித்துவிட்டுப் போய் மாவு பிசைய ஆரம்பித்துவிட்டாள். வேண்டிய அளவுக்கு மூன்று மடங்கு பிசைந்தாள். வாரம் முழுக்க எங்கள் தெருவே ரொட்டி தின்றது.

நான் இப்போது துறைமுகத்தில் இரும்புத்தாதுக் கப்பல்களுக்கு விளக்குக் காட்டும் வேலை பார்க்கிறேன். சிவப்பு, பச்சை, கொடி. வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லாத வேலை. அப்படித் தேடித்தான் சேர்ந்தேன். திக்கல் திரும்பி வந்துவிட்டது. 1976 குளிர்காலத்துக்குச் சற்று முன்னால் வந்தது. ஏன் என்று நான் யோசித்ததில்லை.

இந்த ஊரில் எல்லோருக்கும் நான் அந்தச் சபையில் இருந்தவன் என்று தெரியும். செய்தித்தாளில் உங்களைப் பற்றி ஏதாவது வந்தால் கத்தரித்து எடுத்துவந்து காட்டுவார்கள். வழக்கு, சோதனை, நூறு கோடி வருடம் சபைக்கு உழைப்பதாக ஒப்பந்தம், தகர டப்பாக்களைக் கையில் பிடித்தால் முள் ஆடும் கருவி. "உன்னையும் மயக்கிட்டாங்களாப்பா?" என்று கேட்பார்கள். நான் சீட்டில் எழுதிக் காட்டுவது ஒரே பதில்தான். பிறந்து பத்தொன்பது வருடத்தில் யாரும் என் வாக்கியம் முடியும்வரை காத்திருந்ததில்லை. முதலில் காத்திருந்தவர்கள் அவர்கள். ஒரு நாற்காலியைப் போட்டு, எதிரே உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் முகத்தைத் திருப்பாமல் என்னைப் பார்த்தார்கள். அதற்கு மயக்கம் என்று பெயரென்றால், எனக்கு இன்னும் கொஞ்சம் மயக்கம் வேண்டும்.

அட்டையில் எழுதியது நினைவிருக்கிறது. பாதி நிறைவேறியது.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஆரின் ஹாகன்


லாஸ் ஏஞ்சலஸ்
3 நவம்பர் 1983, வியாழன்

மதிப்பிற்குரிய திரு. ஹாகன் அவர்களுக்கு,

நலம். கேட்டதற்கு நன்றி. இந்தப் பிரிவில் எங்களை யாரும் அப்படிக் கேட்பதில்லை, கேட்பது எங்கள் வேலை.

தாயாரின் முழங்கால் வலி இப்போது

(மேலே பாதியில் நிற்கும் வரி வேறொருவருக்கு எழுத வேண்டியது. கை தவறிவிட்டது. மன்னிக்கவும்.)

புரியாத சொல்லைத் தாண்டி மேலே வாசிக்கக் கூடாது என்பது எங்கள் கல்வி விதிகளில் முதலாவது. தாங்களும் பெரிய அகராதியை மடியில் வைத்துப் படித்தவர்தானே. தங்கள் கடிதத்தில் ஒரு சொல்லை என்னால் தாண்ட முடியவில்லை. 'பாதி' என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பாதி என்று விளக்கினால் நன்றாக இருக்கும்.

இவ்வாரம் என் எண்ணிக்கை நூற்று நாற்பத்திரண்டு கடிதம். போன வாரத்தைவிட ஒன்று அதிகம்.

இப்படிக்கு,
மார்லிஸ் ப்ரூயிட்


டுலூத்
12 டிசம்பர் 1983

அம்மையாருக்கு,

நலம். ஏரி உறைய ஆரம்பித்துவிட்டது, இன்னும் பத்து நாளில் கப்பல் நின்றுவிடும். தாங்கள் கேட்காத ஒரு விஷயம்: என் தாயாரின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நாக்கு நல்ல சுகம்.

எந்தப் பாதி என்று கேட்டீர்கள். பேச வந்தது ஒரு பாதி. யாரிடம் பேச வேண்டும் என்று அட்டையில் எழுதினேனோ, அந்த ஆள் இல்லாமல் போனது மறுபாதி. இதற்கு மேல் அகராதி தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

நல்ல செய்தி ஒன்று. எனக்குக் கல்யாணம். பெண் பெயர் மேவிஸ் லிண்ட்குவிஸ்ட். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். நாற்பது பிள்ளைகளின் கூச்சலில் நாள் முழுக்க இருப்பவளுக்கு என்னோடு இருப்பது ஓய்வு போலிருக்கிறது என்கிறாள். மே மாதம் 26ஆம் தேதி, சனிக்கிழமை, எங்கள் லூத்தரன் தேவாலயத்தில்.

சிக்கல் அங்கேதான். இருநூறு பேர் முன்னால் எழுந்து நின்று, 'ஆரினாகிய நான், மேவிஸ் ஆகிய உன்னை' என்று சொல்ல வேண்டும். என் திக்கல் எல்லா எழுத்திலும் வராது. 'ம'வில்தான் வண்டி நிற்கும். மாலை, மரம், மீன் எல்லாவற்றையும் வேறு சொல் போட்டுச் சமாளித்துவிடுவேன். பெண்டாட்டி பெயருக்கு வேறு சொல் எங்கே போவது?

பாதிரியார் எங்கெப்ரெட்சன் நல்ல மனிதர். "நானே வாசிக்கிறேன், நீ தலைய ஆட்டினா போதும். ஆண்டவருக்குப் புரியும்" என்றார். மேவிஸும் சரி என்றாள். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. கல்யாணம் செய்துகொள்வது நான், தலையாட்டி பொம்மை அல்ல.

அந்த முதல் பாடத்தை மறுபடி செய்யலாமா? இங்கிருந்தே செய்ய வழி உண்டா? வெளியே போனவனுக்கு அந்தப் பாடம் பலிக்குமா?

ஆரின் ஹாகன்


லாஸ் ஏஞ்சலஸ்
5 ஜனவரி 1984, வியாழன்

மதிப்பிற்குரிய திரு. ஹாகன் அவர்களுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். செல்வி மேவிஸ் அவர்களுக்கும் என் வாழ்த்து. பேருந்து ஓட்டுபவர் என்றால் நேரே பார்க்கத் தெரிந்தவராக இருப்பார். மகிழ்ச்சி.

பாடம் யாருக்கும் பலிக்கும். அது உள்ளே வெளியே பார்ப்பதில்லை. நான் பார்த்த வரையில் இங்கே இருக்கும் எல்லாவற்றிலும் சுத்தமானது அந்த முதல் பாடம்தான்.

இரண்டு நாற்காலி. முழங்காலுக்கும் முழங்காலுக்கும் மூன்றடி. முதல் வாரம் பேசவே கூடாது. எதிரே இருப்பவரைப் பார்த்துக்கொண்டு அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். சிரிப்பு, இருமல், கண்ணைத் திருப்புவது எதுவும் வந்தால் மறுபடி முதலிலிருந்து. இரண்டு மணி நேரம் அப்படி இருக்க முடிந்த பிறகு அடுத்த கட்டம். பயிற்சி கொடுப்பவர் தங்களைத் திட்டுவார், கிண்டல் செய்வார், எங்கே தொட்டால் வலிக்கும் என்று தேடித் தேடிக் குத்துவார். தாங்கள் அசையாமல் இருக்க வேண்டும். எந்தச் சொல்லும் அசைக்காத இடத்துக்கு வந்த பிறகு, சொல்ல முடியாத பெயரைச் சொல்லிப் பார்க்கவும்.

இதற்கு ஓர் ஆள் தேவை. தங்கள்மேல் அன்பும், இரக்கமில்லாத வாயும் உள்ள ஒருவர். அப்படி யாராவது வீட்டில் இருக்கிறார்களா என்று பார்க்கவும்.

இப்படிக்கு,
மார்லிஸ் ப்ரூயிட்


டுலூத்
13 பிப்ரவரி 1984

அம்மையாருக்கு,

நலம். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி. உள்ளே அதைவிட மோசம், ஏனென்றால் என் தாயார் பயிற்சியாளர் ஆகிவிட்டாள்.

தங்கள் கடிதத்தை அவளே இரண்டு முறை வாசித்தாள். 'இரக்கமில்லாத வாய்' என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு சொன்னாள்: "எழுபத்தாறுலேர்ந்து அந்தச் சபையத் திட்டிக்கிட்டிருக்கேன். திட்டறதுக்குன்னே ஒரு பாடம் வெச்சிருக்காங்கன்னு எவனும் சொல்லலையே. நாற்காலிய எடுடா."

முதல் வாரம் வெறுமனே உட்கார்ந்தோம். அது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்பதை மறந்திருந்தேன். முப்பது வருடமாக அவளுக்கு மகனாக இருக்கிறேன், அவள் இடது கண்ணில் ஒரு பழுப்புப் புள்ளி இருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். ஐந்தாம் நாள் இரண்டு மணி நேரம் ஆனது. அடுப்பில் வைத்தது கருகி நாறியது, இருவரும் அசையவில்லை.

பிறகு திட்டல். அம்மையாரே, அவளுக்குப் பிறவி ஞானம். "தட்டு நெறைய வாங்கித் தின்னத் தெரியுது, ஒரு பொண்ணு பேரச் சொல்லத் தெரியல." "உனக்கு வெளக்கப் புடிக்கிற வேலை குடுத்தானே, அவன் புத்திசாலி." "அந்தப் பொண்ணு நாப்பது குரங்க ஏத்திக்கிட்டுப் போறா, நாப்பத்தொண்ணாவதா உன்னையும் ஏத்திக்கிட்டா." மேவிஸ் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் அசையவில்லை. அப்பா செத்ததைச் சொன்னாள், அசையவில்லை. பள்ளியில் என்னை வகுப்பு முன்னால் நிற்கவைத்ததைச் சொன்னாள், அதற்கும் அசையவில்லை.

ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது. அதை மட்டும் அவள் சொன்னால் என் கண் கீழே போய்விடுகிறது. எட்டு நாளாக அந்த இடத்திலேயே நிற்கிறோம். அந்த வாக்கியத்தை இங்கே எழுத நான் விரும்பவில்லை. அதை விட்டுவிட்டு மேலே போகலாமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஆரின் ஹாகன்


லாஸ் ஏஞ்சலஸ்
23 பிப்ரவரி 1984, வியாழன்

மதிப்பிற்குரிய திரு. ஹாகன் அவர்களுக்கு,

தங்கள் நலமும் தாயாரின் நலமும் அறிந்து மகிழ்ச்சி.

மேலே போகக் கூடாது.

எந்த வாக்கியம் அசைக்கிறதோ, அதைத்தான் மறுபடி மறுபடி சொல்ல வேண்டும். அது வெறும் ஓசை ஆகும்வரை சொல்ல வேண்டும். இதில் சலுகை கிடையாது. அந்த வாக்கியம் யாரைப் பற்றியதாக இருந்தாலும், தாங்கள் அவரைக் காப்பாற்ற வேண்டியதில்லை. அது உண்மையாகவே இருந்தாலும் சரி. தாயாரிடம் சொல்லுங்கள்: குரலைத் தாழ்த்தாமல், முழுசாக, பெயரோடு சொல்லச் சொல்லுங்கள்.

இந்தப் பயிற்சியைப் பலருக்கு நான் கொடுத்திருக்கிறேன். இவ்வளவு கஷ்டமான அறிவுரையை யாருக்கும் எழுதியதில்லை.

இப்படிக்கு,
மார்லிஸ் ப்ரூயிட்


டுலூத்
26 மார்ச் 1984

அம்மையாருக்கு,

நலம், நலம், நலம். மூன்று முறை எழுதுகிறேன், இங்கே மூன்று பேருக்கும் சேர்த்து.

தாங்கள் சொன்னபடியே செய்தோம். ஞாயிறு ஆராதனை முடிந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தோம். என் தாயார் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். நான் கீழே பார்த்தேன். "மறுபடி" என்றாள். முப்பதாவது முறை காது அடைத்தது. ஐம்பதாவது முறை கோபம் வந்தது, அவள்மேல் இல்லை. எழுபதுக்கு மேல் அவள் குரல் கம்மியது, ஆனால் நிறுத்தவில்லை. தொண்ணூற்று நான்காவது முறை அவள் சொல்லி முடித்தபோது நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றைந்தாவது முறை சொல்ல வாயெடுத்தவள் அழுதுவிட்டாள்.

பயிற்சி கொடுப்பவர் அழுதால் என்ன செய்வது என்று பாடத்தில் இல்லை. எழுந்து காபி போட்டுக் கொடுத்தேன்.

அப்போதுதான் மேவிஸ் உள்ளே வந்தாள். "உக்காரு, மேவிஸ்" என்றேன். பிறகு மூவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. அன்றைக்கு அந்தப் பெயரை முந்நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். பக்கத்து வீட்டு நாய் பெயர் மேவிஸ் என்று தெரு நினைத்திருக்கும்.

இந்தப் பாடத்தை உண்டாக்கியவருக்கும், அதை எனக்கு அனுப்பிய தங்களுக்கும் என் நன்றி. உங்களைப் பற்றி ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும். இதைச் செய்தவர்களை நான் தூக்கி எறிய மாட்டேன்.

நன்றியுடன்,
ஆரின் ஹாகன்

பின்குறிப்பு: அதே எழுத்தில் தொடங்கும் இன்னொரு பெயரும் உண்டு. அதை இன்னும் சொல்லிப் பார்க்கவில்லை. கூப்பிட ஆள் எதிரே இல்லாமல் சொல்வது சரியாகப் படவில்லை.


லாஸ் ஏஞ்சலஸ்
12 ஏப்ரல் 1984, வியாழன்

மதிப்பிற்குரிய திரு. ஹாகன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நலம்.

திருமதி ஃபென்விக் அதை வாசித்துவிட்டு வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு எடுத்துப்போனார். மேடையில் முழுவதையும் உரக்க வாசித்தார்கள். நானூறு பேர் எழுந்து, ஸ்தாபகரின் படத்தைப் பார்த்துத் திரும்பி, ஐந்து நிமிடம் கைதட்டினார்கள். இங்கே வழக்கம் அது. நானும் தட்டினேன். நான் யாருக்காகத் தட்டினேன் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாது.

இந்த வருடத்தின் சிறந்த கடிதம் என்று அதை எங்கள் இதழில் அச்சிடப்போகிறார்கள். அச்சிடும் முன் பெயரை எல்லாக் கோப்புகளோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது விதி. எல்லாக் கோப்புகளோடும்.

இனி எழுதும் கடிதங்கள் இவ்வளவு நன்றாக இல்லாமல் பார்த்துக்கொள்ளும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மார்லிஸ் ப்ரூயிட்


டுலூத்
23 ஏப்ரல் 1984

அம்மையாருக்கு,

கேட்டுக்கொண்டபடி ஒரு மோசமான கடிதம்.

நலமில்லை. பாடம் பிடிக்கவில்லை. நாற்காலி முதுகை வலிக்கச் செய்கிறது. பயிற்சியாளர் தினமும் உருளைக்கிழங்கே போடுகிறார். இதழில் போடுவதற்கு என்னிடம் நல்ல புகைப்படம் கிடையாது, மூக்கு பெரிது. இவ்வளவு மோசம் போதுமா?

கல்யாணப் பத்திரிகை இத்துடன் உள்ளது. விதிப்படி வந்த கடிதம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். "நூறு கோடி வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டவங்களுக்கு ஒரு சனிக்கிழமை லீவு கெடைக்காதா?" என்று என் தாயார் கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை. அவள் கேட்டாள் என்று மட்டும் சொல்கிறேன்.

ஆரின் ஹாகன்


லாஸ் ஏஞ்சலஸ்
17 மே 1984, வியாழன், மாலை நான்கு மணி

என் தம்பி ஆரினுக்கு,

இரண்டு மணி தாண்டிவிட்டது. இந்தக் கடிதத்தை யாரும் எண்ண மாட்டார்கள். கார்பன் தாளும் இல்லை. துணி துவைக்கும் கடையில் உட்கார்ந்து, அங்கிருந்த பெண்ணிடம் பேனா இரவல் வாங்கி எழுதுகிறேன். நீ நலமா? அம்மா நலமா? எட்டு வருடமாக இதை நேராகக் கேட்கவில்லை. இப்போது கேட்டாகிவிட்டது.

நான் நலம். கார்லண்டும் நானும் பிரிந்து நான்கு வருடமாகிறது. சண்டை ஒன்றும் இல்லை, அவரை வேறு ஊருக்கு அனுப்பினார்கள், அவர் போனார். கல்யாணத்தில் வந்த அவருடைய ப்ரூயிட் என்ற பெயர் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. அந்தப் பெயரால்தான் இத்தனை மாதம் யாரும் நம்மைக் கண்டுபிடிக்கவில்லை.

இப்போது கண்டுபிடித்துவிட்டார்கள். இதழுக்காகப் பெயரை ஒப்பிட்டபோது உன் பழைய விசாரணைக் கோப்பு வெளியே வந்தது. திருமதி ஃபென்விக் என்னைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை, ஆரின். உன் கடிதத்தை மேடையில் வாசித்தபோது அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். "உங்க தம்பி எப்படிப்பட்டவன்னு நீங்களே படிச்சுப் பாருங்க, அப்பத்தான் புரியும்" என்று கோப்பை என்னிடம் கொடுத்தார்.

படித்தேன்.

1975 கிறிஸ்துமஸுக்கு நான் அம்மாவுக்குப் போன் செய்து, வீட்டுக்கு வரவேண்டும் போலிருக்கிறது என்று அழுதேனே, அதை யாரோ கேட்டிருக்கிறார்கள். என்னைப் பற்றி அறிக்கை எழுதித் தரும்படி உன்னைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் எழுதினால் போதும், உனக்கு ஒரு குறையும் வராது என்று. நீ சொன்ன பதிலை அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள்: "எங்க அக்காவப் பத்தி எழுதிக் குடுக்கறதுக்கா எனக்குப் பேச்சு வந்துச்சு?"

திக்காமல் சொன்னான் என்றும் ஓரத்தில் குறித்திருக்கிறார்கள்.

கர்வம் என்று நினைத்தேனே, ஆரின். எட்டு வருடம் அப்படி நினைக்கவிட்டாயே. நான் எழுதிய அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், போய் விளக்குப் பிடித்தாயே. அம்மா தொண்ணூற்று நான்கு முறை சொன்ன வாக்கியம் எது என்று எனக்குத் தெரியும். 'மார்லிஸ் உன்னைத் தூக்கி எறிந்துவிட்டாள்.' சரிதானே? முழுசாக, பெயரோடு சொல்லச் சொல்லி நானே உனக்கு எழுதினேன். எழுதிவிட்டு எழுந்து போய்க் கழிப்பறையில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நான் கோப்பை மூடியதும் திருமதி ஃபென்விக் ஒரு தாளை நீட்டினார். 1976ல் நான் எழுதிய அதே முறிவுக் கடிதம், தேதி மட்டும் காலியாக. கையெழுத்துப் போட்டால் அட்டை விஷயம் என் தவறு இல்லை என்று எழுதிக்கொள்வார்களாம். பேனாவை மேசைமேல் வைத்தேன். எனக்குச் சொந்தமாக எதுவும் தோன்றவில்லை. உன்னுடையதைக் கடன் வாங்கினேன். "என் தம்பியத் தூக்கி எறியறதுக்கா நான் எழுதக் கத்துக்கிட்டேன்?" என்றேன். நாளையோ மறுநாளோ அந்தப் பலகையில் என் பெயரும் மஞ்சள் தாளில் வரும். பார்க்க நான் இருக்க மாட்டேன்.

நான் நம்பியதெல்லாம் பொய் என்று சொல்லச் சொல்லாதே. அம்மாவிடமும் சொல்லிவை, வந்ததும் வராததுமாக ஆரம்பிக்க வேண்டாம் என்று. இரண்டு நாற்காலியும் மூன்றடி தூரமும் உண்மை. அதைச் சொல்லித்தந்த இடத்திலேயே, எதிரே இருந்தவனைப் பார்க்காதே என்றும் சொன்னார்கள். நான் இரண்டாவதைக் கேட்டேன், நீ முதலாவதைப் பிடித்துக்கொண்டாய். நம்மில் பாடத்தை ஒழுங்காகப் படித்தவன் நீதான்.

சனிக்கிழமை கல்யாணத்துக்கு முதல் நாள் பேருந்தில் வந்து இறங்குகிறேன். மேவிஸிடம் சொல், எனக்கு இருக்கை கடைசி வரிசையில் போதும்.

ஏழாவது பெட்டியில் இப்போது ஓர் அட்டை குறைகிறது. திருட்டுத்தான். இந்த உறையில் வைத்திருக்கிறேன். பத்தொன்பது வயதில், அந்தக் கேள்விக்குக் கீழே, உன் கோணல் எழுத்தில் இருப்பது இது: 'அக்கா போன் செய்தால் நானே எடுத்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.'

புதன்கிழமை, மே 23, பகல் இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போன் செய்வேன். அம்மாவை எடுக்க விடாதே. நீ எடு. அவசரம் ஒன்றும் இல்லை. பை நிறையச் சில்லறை மாற்றி வைத்திருக்கிறேன். நானும் பேச மாட்டேன், வெறுமனே இருப்பேன். நீ என் பெயரைச் சொல்லும்வரை போனை வைக்க மாட்டேன்.

உன் அக்கா,
மார்லிஸ் ஹாகன்